வீட்டுக் கணினி மக்கர் செய்தால்: குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு ஒரு பிழை நீக்கும் வழிமுறை

கணினிப் பழுதுக்கான குறிப்புகள் எங்கு தேடினாலும் கிடைக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை ஏசி அறையும் சீரான மின்சாரமும் இருக்கிற ஊர்களை நினைத்து எழுதப்பட்டவை. நம் மாவட்டத்தின் நிலை வேறு. ஜூனில் ஒரு மழை, ஐப்பசியில் இன்னொரு மழை. குளச்சல், முட்டம், மணக்குடி என்று கடலை ஒட்டிய வீடுகளில் ஆண்டு முழுவதும் உப்புக் காற்று. குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கம் ரப்பர் மரங்களுக்கு நடுவே ஈரம் காயாத சுவர்கள். ஆடி பிறந்தால் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் காற்றில் கிளை முறிந்து கம்பி அறுந்து கிடக்கும். அதனால் யாராவது கூப்பிட்டுக் கணினி சரியில்லை என்று சொன்னால், வைரஸைப் பற்றிக் கேட்பதற்கு முன்னால் ஈரத்தையும் கரண்டையும் பற்றித்தான் நான் கேட்பேன்.

கீழே அறிகுறிப்படி எழுதியிருக்கிறேன். உங்கள் கணினியில் எது தெரிகிறதோ அந்தப் பகுதிக்கு நேராகப் போய்விடலாம். ஒன்றை மட்டும் எல்லாப் பகுதிக்கும் பொதுவாக வைத்துக்கொள்ளுங்கள்: பழுது வந்த முதல் நிமிடத்தில் அநேகமாக எல்லாமே மீட்கக்கூடிய நிலையில்தான் இருக்கும். பதற்றத்தில் அடுத்ததாக நாம் அழுத்தும் பட்டன்தான் பெரும்பாலும் காரியத்தைக் கெடுக்கிறது.

விசிறி சுற்றுகிறது, விளக்கு எரிகிறது, திரை மட்டும் கறுப்பு

மழைக்காலத்தில் ஒரு வாரம் கணினியைத் தொடாமல் வைத்துவிட்டுப் பிறகு போட்டால் வரும் அறிகுறி இது. மானிட்டர் வயரை இரு முனையிலும் கழற்றி மாட்டிப் பாருங்கள். அதில் வழி கிடைக்கவில்லை என்றால் ரேம் (கணினியின் தற்காலிக நினைவகப் பலகை) பக்கம் போக வேண்டும்.

பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்குங்கள். பிடுங்கிய பிறகு பவர் பட்டனைச் சில நொடி அழுத்திப் பிடித்தால் உள்ளே மிச்சமிருக்கும் மின்சாரம் இறங்கிவிடும். பக்கத் தகட்டைக் கழற்றி, ரேமின் இரு முனையிலும் உள்ள கொக்கியை விலக்கினால் பலகை மேலே வந்துவிடும். அதன் கீழ் விளிம்பில் வரிசையாகப் பொன்னிறக் கோடுகள் இருக்கும். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் அந்தக் கோடுகள் மங்கி, சில இடங்களில் பழுப்புப் படிந்திருப்பது தெரியும். பள்ளிப் பிள்ளைகளின் வெள்ளை அழிரப்பரால் ஒரே திசையில் மெதுவாகத் தேய்த்து, தூளை ஊதாமல் தூரிகையால் தட்டிவிடுங்கள். வாயால் ஊதினால் எச்சில் ஈரம் அதில் படியும். பிறகு ‘டிக்’ என்று கொக்கி தானாக விழும்வரை அழுத்தி மாட்டுங்கள். இரண்டு ரேம் இருந்தால் ஒன்றை மட்டும் போட்டுப் பாருங்கள், அப்புறம் மற்றதை.

கடலோர வீடுகளில் இது திரும்பத் திரும்ப வரும். தூசி படக்கூடாது என்று பிளாஸ்டிக் உறை போட்டு இறுக்கி மூடி வைக்கும் பழக்கம் இங்கே நிறைய வீடுகளில் உண்டு. அந்த உறைக்குள் ஈரம் தங்கும். பருத்தித் துணி போதும். மழைக்காலத்தில் வேலை இல்லாவிட்டாலும் தினமும் சிறிது நேரம் கணினியை ஓட விடுங்கள், அதன் சூடே அதை உலர்த்திவிடும். கேபினட்டைச் சுவரை ஒட்டியும் தரையிலும் வைக்காமல் ஒரு சிறிய பலகை மேல் வைத்தால் இன்னும் நல்லது.

தேதி பல ஆண்டு பின்னால் போய்விட்டது, எந்தத் தளமும் திறக்கவில்லை

இணையம் வேலை செய்கிறது, ஆனால் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் ‘இணைப்பு பாதுகாப்பானதல்ல’ என்று வந்தால் திரையின் கீழ் மூலையில் தேதியைப் பாருங்கள். தாய்ப்பலகையில் (மதர்போர்டில்) நாணயம் போல ஒரு பேட்டரி இருக்கும். சிஆர் 2032 என்று அதன் மேலேயே எழுதியிருக்கும், 3 வோல்ட். அது தீர்ந்துவிட்டால் சுவர் சுவிட்சை அணைத்ததும் கணினிக்கு நேரம் மறந்துவிடும். தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்களுக்குத் தொடங்கும் நாளும் முடியும் நாளும் உண்டு. உங்கள் கணினி பழைய ஆண்டில் நின்றுகொண்டு பார்த்தால் அந்தச் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை.

வாட்ச் கடையில் கூட இந்தப் பேட்டரி கிடைக்கும். எழுத்து உள்ள பக்கம் மேலே வருமாறு போடுங்கள். பேட்டரி உட்காரும் தகட்டில் பச்சை பூத்திருந்தால் ஐசோபுரோபில் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்துவிட்டுப் போடுங்கள்.

கேபினட்டைத் தொட்டால் சுள்ளென்கிறது

இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்பவர்கள் அதிகம். ‘லேசா கரண்ட் அடிக்கும், செருப்புப் போட்டுக்கோ’ என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். தயவுசெய்து அப்படி விடாதீர்கள்.

கணினிக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் பெட்டிக்குள் மின் இரைச்சலை வடிகட்ட இரண்டு சிறிய கெப்பாசிட்டர்கள் உண்டு. ஒன்று பேஸிலிருந்து உலோக உறைக்கு, மற்றது நியூட்ரலிலிருந்து உறைக்கு. உறை எர்த்தோடு சேர்ந்திருந்தால் அந்தச் சிறு கசிவு மண்ணுக்குள் போய்விடும். எர்த் இல்லாவிட்டால் உறை நம் 230 வோல்ட்டில் ஏறக்குறைய பாதியில், அதாவது 115 வோல்ட்டில் மிதக்கும். கசியும் மின்னோட்டம் மிகச் சிறியது என்பதால் சுள்ளென்பதோடு நின்றுவிடுகிறது. ஆனால் அந்தச் சுள்ளென்பது உங்கள் வீட்டில் எர்த் இல்லை என்று சொல்கிறது. வேறு ஏதாவது பழுதாகி முழு மின்சாரமும் உறைக்கு வந்தாலும் அதை வாங்கிக்கொள்ள வழியில்லை.

த்ரீ பின்னை டூ பின்னாக்கும் அடாப்டர் போட்டிருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள். இருந்தால் அதுவே காரணம், எடுத்துவிடுங்கள். இல்லையென்றால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் குழியைப் பார்க்கச் சொல்லுங்கள். பாறை நிலத்தில் தோண்டிய குழி கோடையில் காய்ந்துபோகும். கரி, உப்பு போட்டுத் தண்ணீர் ஊற்றினாலே சில வீடுகளில் சரியாகிவிடும். பழைய ஓட்டு வீடுகளில் எர்த் வயரே இழுத்திருக்க மாட்டார்கள். அங்கே புதிதாக இழுக்கத்தான் வேண்டும். சிலர் எர்த்தை நியூட்ரலோடு முறுக்கிவிடுவார்கள். அது ஆளைக் கொல்லும் வேலை, அனுமதிக்காதீர்கள்.

வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தும், கரண்ட் போனால் கணினி அணைந்து எழுகிறது

விளக்கும் விசிறியும் நிற்காமல் ஓடும்போது கணினி மட்டும் ஏன் அணைகிறது? சுவர் மின்சாரத்திலிருந்து பேட்டரிக்கு மாற இன்வெர்ட்டர் எடுக்கும் நேரம்தான் காரணம். நல்ல நிலையில் உள்ள எஸ்எம்பிஎஸ் சுமார் 16 மில்லி நொடிவரை மூச்சைப் பிடித்துக்கொள்ளும். இன்வெர்ட்டர் சாதாரண முறையில் இருந்தால் மாறுவதற்கு அதைவிடக் கூடுதல் நேரம் எடுக்கலாம். பெரும்பாலான வீட்டு இன்வெர்ட்டர்களில் ‘யுபிஎஸ்’ என்று எழுதிய சிறிய சுவிட்ச் ஒன்று இருக்கும். அதை அந்தப் பக்கம் தள்ளிப் பாருங்கள். பல வீடுகளில் பிரச்சினை அதோடு தீரும்.

அதற்கு ஒரு விலை உண்டு. யுபிஎஸ் முறையில் இன்வெர்ட்டர் குறைந்த மின்னழுத்தத்தைப் பொறுத்துக்கொள்ளாது. ஏறக்குறைய 180 வோல்ட்டுக்குக் கீழே போனால் பேட்டரிக்கு மாறிவிடும். மாலையில் வோல்டேஜ் இறங்கும் ஊர்களில் கரண்ட் இருக்கும்போதே பேட்டரி தீர்ந்துபோகும். அப்படிப்பட்ட இடத்தில் இன்வெர்ட்டரைச் சாதாரண முறையிலேயே விட்டுவிட்டு, கணினிக்கு மட்டும் தனியாக ஒரு சிறிய யுபிஎஸ் வாங்குங்கள். அதற்குள் இருக்கும் 12 வோல்ட் பேட்டரி நம் சூட்டில் இரண்டு மூன்று ஆண்டுதான் தாங்கும். கரண்ட் போன நொடியே யுபிஎஸ்ஸும் அணைந்தால் பேட்டரியை மட்டும் மாற்றினால் போதும், பெட்டியைத் தூக்கிப் போட வேண்டாம்.

இடி இடித்த மறுநாள் கணினி ஓடுகிறது, இணையம் மட்டும் இல்லை

சித்திரை வைகாசிக் கோடை மழையும் ஐப்பசி மழையும் மாலையில் இடியோடு வரும். அப்போது பவர் பிளக்கை மட்டும் பிடுங்கிவிட்டு இணைய வயரை விட்டுவிடுகிறார்கள். கண்ணாடி இழையில் (ஃபைபர்) மின்சாரம் வராது என்பது சரிதான். ஆனால் கம்பத்திலிருந்து வரும் சில கேபிள்களில் பாரம் தாங்க எஃகுக் கம்பி சேர்ந்திருக்கும். ரவுட்டரின் அடாப்டர் வழியாகவும் அதிர்ச்சி வரலாம். அங்கிருந்து, ரவுட்டரையும் கணினியையும் இணைக்கும் லேன் வயரைப் பிடித்துக்கொண்டு தாய்ப்பலகைக்கு வந்துவிடும்.

ரவுட்டரைப் பாருங்கள். சிவப்பு விளக்கு எரிந்தால் கேபிள் எங்கோ அறுந்திருக்கிறது, இணைப்புத் தருபவரைக் கூப்பிடுங்கள். கைப்பேசியில் வைஃபை வேலை செய்து, வயர் போட்ட கணினியில் மட்டும் இணையம் இல்லை என்றால் லேன் வயரை ரவுட்டரின் வேறு துளையில் மாட்டிப் பாருங்கள். வேறு வயரும் போட்டுப் பாருங்கள். அப்படியும் கணினிப் பக்கத்து விளக்கு எரியவில்லை என்றால் அந்தத் துளை செத்துவிட்டது. தாய்ப்பலகையை மாற்றச் சொல்வார்கள், அவசரப்பட வேண்டாம். யுஎஸ்பியில் மாட்டும் சிறிய வைஃபை துண்டு ஒன்று வாங்கினால் அதே கணினி இன்னும் சில ஆண்டு ஓடும்.

ரவுட்டர் இடி இல்லாமலே அடிக்கடி அணைந்து எழுந்தால் அடாப்டரைத் தட்டிப் பாருங்கள். சூடு தேடி எறும்பு உள்ளே குடியிருப்பது இங்கே சகஜம்.

டக், டக் என்ற சத்தம். கோப்பு திறக்க யுகம் ஆகிறது

இந்த ஒரு அறிகுறிக்கு மட்டும் உடனே வேலையை நிறுத்துங்கள். ஹார்ட் டிஸ்க் சாகப்போகிறது. வட்டுச் சோதனையும் டீஃப்ராக்மென்ட்டும் இப்போது வேண்டாம். அவை வட்டு முழுவதையும் படிக்க வைத்து, மிச்சமிருக்கும் உயிரையும் எடுத்துவிடும். முதலில் நகல் எடுங்கள். நீங்களே எழுதியவை, பிறகு குடும்பப் படங்கள், பிறகு சான்றிதழ்களின் ஸ்கேன். சினிமாவும் பாட்டும் கடைசி, அவை வேறு எங்கும் கிடைக்கும்.

சத்தம் இல்லாமல் மந்தமாக மட்டும் இருந்தால் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போட்டுப் பாருங்கள். வட்டின் நிலை மஞ்சளில் இருந்தால் அதுவும் எச்சரிக்கைதான்.

நகலை அதே மேசை டிராயரில் வைக்காதீர்கள். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் அடித்தபோது மரங்கள் கூரை மேல் விழுந்தன, பல ஊர்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. அப்படி ஒரு நாள் வந்தால் வீட்டில் உள்ள கணினியும் நகலும் சேர்ந்தே நனையும். ஒன்று வீட்டில், இன்னொன்று மகள் வீட்டிலோ தம்பி வீட்டிலோ இருக்கட்டும்.

தமிழ் எழுத்து தமிழாகத் தெரியவில்லை

இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். மேலே சொன்ன பழுதுகளில் போவது பணம். இதில் போவது எழுதியவரின் பல ஆண்டு உழைப்பு. அதோடு, இது அநேகமாக எப்போதும் மீட்கக்கூடியது.

எழுத்து எப்படிக் கெட்டிருக்கிறது என்று பாருங்கள். நான்கு விதம் உண்டு, முதல் மூன்றுக்கும் மருந்து வேறு வேறு.

வெறும் கட்டங்களாகத் தெரிந்தால் எழுத்துருதான் இல்லை, எழுத்துகள் அப்படியே இருக்கின்றன. விண்டோஸ் 2000 முதல் லதா வருகிறது, விண்டோஸ் 8 முதல் நிர்மலா வருகிறது. அந்தக் கோப்பின் எழுத்துருவை இவற்றில் ஒன்றாக மாற்றினாலே போதும்.

ஆங்கில எழுத்துகளும் நிறுத்தற்குறிகளும் கலந்து தெரிந்தால் அது பழைய எழுத்துரு முறையில் தட்டச்சு செய்தது. ‘தமிழ்’ என்ற சொல்லைப் பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்து, எழுத்துருவை எடுத்துவிட்டுப் பார்த்தால் ஜே, கே, பி, ஓ, கடைசியில் ஓர் அரைப்புள்ளி என்று தெரியும். கண்ணுக்குத் தமிழ், கணினிக்கு ஆங்கிலம். டிடிபி சென்டர்களில் அடித்து வாங்கிய கல்யாணப் பத்திரிகை, கோயில் கொடை நோட்டீஸ், சங்க மலர் எல்லாம் இப்படித்தான் இருக்கும். பாமினியா, வானவில்லா, டிஸ்கியா, டாபா என்று தெரிந்தால் அதற்கான மாற்றியில் போட்டு, இன்று எல்லாக் கணினியும் புரிந்துகொள்ளும் யூனிகோடாக்கிவிடலாம். தெரியாவிட்டால் ஒரு வரியை மட்டும் எடுத்து ஒவ்வொரு மாற்றியிலும் போட்டுப் பாருங்கள். சரியானது எது என்பது முதல் வார்த்தையிலேயே தெரிந்துவிடும். மாற்றிய பிறகு ‘ர’வும் துணைக்காலும் இடம் மாறியிருக்கிறதா என்று ஒருமுறை படித்துவிடுங்கள். தட்டச்சு செய்தவர் வேகத்தில் ஒன்றுக்கு மற்றதை அடித்திருப்பார்.

மூன்றாவது விதத்தைக் கண்டால்தான் மக்கள் மிகவும் பயப்படுகிறார்கள். தலையில் சாய்கோடு போட்ட சின்ன ‘ஏ’, பக்கத்தில் வட்டத்துக்குள் ‘ஆர்’, பிறகு ஏதோ ஒரு குறி. இந்த மூன்றும் திரும்பத் திரும்பப் பக்கம் முழுவதும் வரும். தக்கலைப் பக்கம் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர், தம் ஊர்ப் பழமொழிகளைப் பல ஆண்டாகச் சேர்த்து வைத்திருந்த கோப்பு இப்படித் தெரிந்ததும் கூப்பிட்டார். “மக்களே, எனக்க எழுத்தெல்லாம் போச்சே!”

“சாரே, சேவ் பண்ணாண்டாம். அப்படியே மூடுங்க, கேட்டா ‘நோ’ கொடுங்க” என்றேன்.

காரணம் இதுதான். யூனிகோட் எழுத்துகளைக் கோப்பில் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட்டுகளாகச் சேமிக்கப்படுகிறது. மென்பொருள் அதை ஆங்கிலத்துக்கான பழைய முறையில் படித்தால் மூன்று பைட்டும் மூன்று தனி எழுத்துகளாகத் தெரியும். தமிழின் முதல் பைட் எப்போதும் ஒன்றே, அதனால்தான் அந்தச் சாய்கோட்டு ‘ஏ’ விடாமல் வருகிறது. கோப்பில் எந்தக் கேடும் இல்லை, படிக்கும் முறைதான் தவறு. அந்தக் கோலத்தில் சேமித்தால் தவறாகப் படித்ததே கோப்பாகிவிடும். அதையும் பிரிக்க முடியும், ஆனால் வேலை இரட்டிப்பு.

நோட்பேடில் ‘ஓப்பன்’ கொடுத்தால் கீழே என்கோடிங் (குறியாக்கம்) என்ற பெட்டி வரும். அதில் யுடிஎஃப்-8ஐத் தேர்ந்தெடுத்துத் திறக்கச் சொன்னேன். சற்று நேரம் பேச்சில்லை. பிறகு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பழமொழியை அவர் சத்தமாக வாசிக்கும் குரல் கேட்டது. கணினி வேலையில் எனக்குப் பிடித்த நேரம் இப்படிப்பட்டதுதான். லிப்ரே ஆபீஸில் திறக்கும்போதும் குறியாக்கத்தைத் தேர்ந்தெடுக்க வழி இருக்கிறது. பயர்பாக்ஸில் பக்கம் இப்படித் தெரிந்தால் வியூ மெனுவில் ‘ரிப்பேர் டெக்ஸ்ட் என்கோடிங்’ இருக்கிறது.

நான்காவது விதம், வரிசையாகக் கேள்விக்குறிகள். இதற்கு மட்டும் மருந்து இல்லை. தமிழைச் சேமிக்க இடமில்லாத ‘ஆன்சி’ முறையில் சேமித்ததால் ஒவ்வொரு எழுத்தின் இடத்திலும் நிஜமான கேள்விக்குறியே எழுதப்பட்டுவிட்டது. பழைய நோட்பேடில் இதுதான் இயல்பான முறை. 2019இல் வந்த விண்டோஸ் 10 மே பதிப்பு முதல் யுடிஎஃப்-8 இயல்பானது. அதற்கு முந்தைய நோட்பேட் தமிழைச் சேமிக்கும்போது எழுத்துகள் இழக்கப்படும் என்று ஒரு எச்சரிக்கை காட்டும். அதற்கு ‘ஓகே’ அழுத்தாதீர்கள், ‘கேன்சல்’ கொடுத்து குறியாக்கத்தை மாற்றிச் சேமியுங்கள். ஏற்கெனவே ஆகிவிட்டதென்றால் மின்னஞ்சலில் அனுப்பிய பழைய நகலோ, பென்டிரைவில் கிடக்கும் பிரதியோ இருக்கிறதா என்றுதான் தேட வேண்டும்.

எழுத்து சரியாகத் தெரிகிறது, தேடினால் கிடைக்கவில்லை

ஆடிச் செவ்வாயில் பெண்கள் கூடிக் கொழுக்கட்டை படைக்கும் தோவாளைப் பக்கத்து ஔவையாரம்மன் கோயிலைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். பிறகு ‘ஔவை’ என்று தேடினால் ஒன்றும் வரவில்லை. தட்டச்சில் ‘ஔ’ என்ற ஒரே எழுத்துக்குப் பதிலாக ‘ஒ’வும் ‘ள’வும் அடித்திருப்பீர்கள். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. ‘கௌரி’யிலும் இதே கதை. கொம்பு, ‘க’, அப்புறம் ‘ள’ என்று வந்தால் அது கணினிக்குக் ‘கெ’, ‘ள’, ‘ரி’தான்.

‘கொழுக்கட்டை’யில் இன்னொரு நுட்பம். ‘கொ’வின் உயிர்க்குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், ஒற்றைக் கொம்பு தனி, கால் தனி என்று இரண்டாகவும் சேமிக்கலாம். இரண்டும் ஒன்றே என்று யூனிகோட் விதி சொல்கிறது, ஆனால் எல்லாத் தேடு பெட்டிகளும் அதை மதிப்பதில்லை. சந்தேகம் வந்தால் கர்சரை எழுத்தின் பின்னால் வைத்து பேக்ஸ்பேஸை ஒருமுறை அழுத்துங்கள். கால் மட்டும் போய் ‘கெ’ மிச்சமிருந்தால் அது இரண்டாகச் சேமித்தது. திரும்ப அடித்துவிடுங்கள்.

புள்ளிகளால் ஆன வட்டம் ஒன்று எழுத்துக்கு நடுவே தெரிந்தால், உயிர்க்குறி ஏற இடமில்லாமல் நிற்கிறது என்று பொருள். பழைய தட்டச்சு இயந்திரத்தில் பழகியவர்கள் கொம்பை முதலில் அடிப்பார்கள். யூனிகோடில் மெய் முன்னால், கொம்பு பின்னால். அடித்தால் தமிழே வராமல் விசை தாறுமாறாக இருந்தால் இரண்டு தமிழ் மென்பொருள்கள் ஒரே நேரத்தில் ஓடுகின்றனவா என்று பாருங்கள். ஒன்றை நிறுத்துங்கள்.

வலைப்பதிவைத் திறந்தால் வெள்ளைப் பக்கம்

வேர்ட்பிரஸ் என்ற வலைப்பதிவு மென்பொருளில் எழுதுபவர்களுக்கு இது. புதிதாக ஒரு செருகுநிரல் (பிளகின்) போட்ட பிறகு, அல்லது புதுப்பித்த பிறகு, தளம் வெறும் வெள்ளையாக நிற்கும். பதிவுகள் தரவுதளத்தில் பத்திரமாக இருக்கின்றன. எதையும் நீக்கவோ மறுபடி நிறுவவோ வேண்டாம்.

மின்னஞ்சலைப் பாருங்கள், ஸ்பேம் பெட்டி உட்பட. 2019இல் வந்த 5.2 பதிப்பு முதல், எந்தச் செருகுநிரல் முறிந்தது என்று வேர்ட்பிரஸே எழுதி, உள்ளே நுழைய ஒரு தனி இணைப்பும் அனுப்பும். அது வரவில்லை என்றால் தளம் வைத்திருக்கும் இடத்தின் கோப்பு மேலாளரில் நுழைந்து ‘டபிள்யூபி-கன்டென்ட்’ கோப்புறைக்குள் இருக்கும் ‘பிளகின்ஸ்’ கோப்புறைக்கு வேறு பெயர் வையுங்கள். தளம் எழுந்துவிட்டால் குற்றவாளி உள்ளேதான் இருக்கிறது. இப்போது நிர்வாகப் பக்கத்தில் செருகுநிரல் பட்டியலை ஒருமுறை திறந்து பாருங்கள். அப்போதுதான் எல்லாம் முடக்கப்பட்டதாக வேர்ட்பிரஸ் குறித்துக்கொள்ளும். அதன் பிறகு பழைய பெயரைத் திருப்பிக் கொடுத்து, ஒவ்வொன்றாக இயக்குங்கள்.

‘ஹெடர்ஸ் ஆல்ரெடி சென்ட்’ என்று வந்தால் வேர்ட்பிரஸின் நிரல் இருக்கும் பிஎச்பி கோப்பு ஒன்றை நோட்பேடில் திருத்தியிருப்பீர்கள். கோப்பின் தொடக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத மூன்று பைட் ‘பாம்’ குறி ஒட்டியிருக்கும், அல்லது ஒரு வெற்று வரி இருக்கும். ‘பாம்’ இல்லாத யுடிஎஃப்-8ஆகச் சேமித்தால் சரி.

பழைய பதிவு ஒன்று சிரிப்புப் பொம்மை (இமோஜி) போட்ட இடத்தோடு நின்றுவிடுகிறதா? தரவுதளத்தின் பழைய யுடிஎஃப்-8 அட்டவணை ஓர் எழுத்துக்கு மூன்று பைட்தான் தரும். தமிழுக்கு அது போதும், பொம்மைக்கு நான்கு வேண்டும். பொம்மையை எடுத்துவிட்டுச் சேமியுங்கள்.

தமிழ்த் தலைப்பு வைத்தால் முகவரி பாதியில் அறுகிறது

‘கன்னியாகுமரி மாவட்டக் கோயில்கள்’ என்று தலைப்பு வைத்துப் பாருங்கள். வேர்ட்பிரஸ் உருவாக்கும் முகவரி ‘கன்னியாகுமரி-மாவட்டக்-கோ’ என்று நின்றுவிடும். முகவரிப் பகுதிக்கு 200 இடம்தான். ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட், ஒவ்வொரு பைட்டும் விழுக்காட்டுக் குறியோடு சேர்ந்து மூன்று இடம், ஆக ஒரு குறிக்கு 9 இடம். ‘கன்னியாகுமரி’ என்ற ஒரு சொல்லே 108 இடத்தைத் தின்றுவிடுகிறது. பிளாகரில் தமிழ் எழுத்துகள் முகவரியில் வரவே வராது, ‘பிளாக்-போஸ்ட்’ என்று எண்ணோடு ஏதோ ஒன்று வரும்.

இரண்டிலும் வெளியிடும் முன்னால் முகவரியை நீங்களே குறுக்கி எழுதலாம். வெளியிட்ட பிறகு மாற்றினால், ஏற்கெனவே பிறருக்கு அனுப்பிய இணைப்பு உடையக்கூடும்.

படம் ஏறவில்லை, ஏறினால் படுத்துக் கிடக்கிறது

கைப்பேசிப் படம் ஒன்று நான்கைந்து எம்பி இருக்கும். பிஎச்பியின் இயல்பான பதிவேற்ற வரம்பு 2 எம்பி. வரம்பை உயர்த்தச் சொல்லி தளம் வைத்திருப்பவரிடம் கேட்கலாம். ஆனால் படத்தைச் சுருக்கி ஏற்றுவதே நல்லது, மேற்கு மலையடிவாரத்தில் சிக்னல் இல்லாமல் படிப்பவருக்கும் பக்கம் சீக்கிரம் திறக்கும். படம் பக்கவாட்டில் படுத்திருந்தால், கைப்பேசி அதைத் திருப்பிச் சேமிக்காமல் ‘திருப்பிக் காட்டு’ என்று குறிப்பு மட்டும் எழுதியிருக்கிறது. 5.3 பதிப்பு முதல் வேர்ட்பிரஸ் அதைத் தானே திருப்பும். பழையதென்றால் கணினியில் ஒருமுறை திருப்பிச் சேமித்துவிட்டு ஏற்றுங்கள். அப்படியே, படத்துக்குள் எடுத்த இடத்தின் குறிப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். வீட்டு முற்றத்தில் எடுத்த படமென்றால் அதை நீக்கிவிடுவது நல்லது.

எழுதிக்கொண்டிருந்தபோது கரண்ட் போய்விட்டது

உலாவியைத் திறந்ததும் புதிய பதிவு தொடங்கிவிடாதீர்கள். வேர்ட்பிரஸ் எழுதும்போது நிமிடத்துக்கு ஒருமுறை தானாகச் சேமிக்கிறது. வரைவுகளுக்குள் போய் அதே பதிவைத் திறந்தால், இதைவிடப் புதிய தானியங்கிச் சேமிப்பு இருக்கிறது என்று மேலே ஒரு வரி வரும். அதைத் திறந்து ஒப்பிட்டுப் பாருங்கள். பக்கவாட்டில் ‘ரிவிஷன்ஸ்’ என்று ஒரு எண்ணிக்கையும் இருக்கும். அதை அழுத்தினால் நீங்கள் எழுதிய பழைய வடிவங்கள் எல்லாம் வரிசையாக வரும், நீக்கிய வரி சிவப்பிலும் சேர்த்த வரி பச்சையிலும். எதுவும் கெடாத நாளிலும் அதைத் திறந்து பார்க்கலாம். ஒரு பத்தி எப்படித் தொடங்கி எப்படி முடிந்தது என்று பார்ப்பதே ஒரு சுகம். வேண்டிய வடிவம் கிடைத்ததும் ‘ரீஸ்டோர்’ கொடுங்கள். இப்போதிருக்கும் வடிவமும் அழியாமல் அந்தப் பட்டியலிலேயே இருக்கும்.